நான்காவது அடிக்குப் பிறகு

இரண்டு பலகைகள். முழ நீளம், நான்கு விரல் அகலம். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை உடைத்து நானே அறுத்துத் தேய்த்தவை. ஒரு முனையில் தோல் வாரை வைத்து ஆணி அடித்து இரண்டையும் சேர்த்திருந்தேன். விரித்துச் சட்டென்று மூடினால் ‘பட்’டென்று சத்தம் வரும். முற்றத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து பறக்கும்.

அந்தப் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு, பவானிப்பூரில் ஒரு வங்காளி வீட்டு முற்றத்தில், நீலப் படுதாவுக்குப் பின்னால் முக்காலி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். பலகையில் இன்னும் தேயிலை வாசனை. படுதாவுக்கு அந்தப் பக்கம் முற்றம் நிறைய ஜனங்கள். எனக்குத் தெரிவது படுதாவின் நெசவும் அதில் ஒரு பொத்தலும்தான். அந்தப் பொத்தலும் என் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

பட். சிரிப்பு.

பட். அதைவிடப் பெரிய சிரிப்பு.

பட். மாடியிலிருந்தும் சிரிப்பு.

அன்று நான் ஏழு முறை பலகையை அடித்தேன். மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். அது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

சிரிப்பே இல்லையா?

இந்தப் பத்திரிகையில் மழைக்காலத்து டிராமைப் பற்றி நான் எழுதியிருந்த வாரத்துக்குப் பிறகு, மாயவரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ‘உங்கள் கல்கத்தாவில் மழை, ஆபீஸ், காய்ச்சல் இவை தவிர வேறொன்றும் கிடையாதா? அங்கே யாரும் சிரிப்பதில்லையா?’ என்று கேட்டிருந்தார். சிரித்தோம் ஐயா, நிறையவே சிரித்தோம். எத்தனை முறை சிரித்தோம் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த நாளில் பவானிப்பூரிலும் காளிகட்டத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லாரும் ஆபீஸ்காரர்கள். பூஜை விடுமுறை முடிவதற்குள் ஒரு பிற்பகல் கூடி, சின்னதாக ஒரு பிரஹசனம், சிரிப்பு நாடகம், போடுவோம். எங்கள் சந்தின் கோடியில் இருந்த பெரிய வீட்டு அம்மாள் தன் முற்றத்தைக் கொடுப்பாள். ‘மாஷிமா’ என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவோம். பெரியம்மா, சித்தி எல்லாம் எங்களுக்கு அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

முற்றம் அவளுடையது என்றால் பார்வையாளர்களில் பாதிப் பேரும் அவளுடைய மனிதர்கள். அவர்களுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. முதல் வருஷம் நான் எழுதிய ஹாஸ்ய வசனங்களுக்கு எங்கள் பத்துக் குடும்பம் மட்டும் சிரித்தது. மற்றவர்கள் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார்கள். கடைசியில் ஒருவன் கால் தடுக்கி விழுந்தான். அப்போதுதான் முற்றம் முழுவதும் சிரித்தது.

அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் வசனத்தைக் குறைத்து அடியைக் கூட்டினோம்.

மூன்று பேர்

நாடகம் இதுதான். மண்டுச் சமையல்காரன் ஒருவன் எஜமானின் ரஸகுல்லாக்களைத் தின்றுவிடுகிறான். எஜமான் விசிறியால் அவனை விளாசுகிறார். அவ்வளவுதான் கதை.

எஜமானாக வந்தவர் வேங்கடேசன். நாற்பது வயது, ஆறடி உயரம், சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. எறும்பைக் கண்டால் காலைத் தூக்கி வைத்து நடக்கும் மனிதர். மனைவியை இழந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சமையல்காரனாக வந்தவன் கோபாலன். ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை. ஒல்லி. விழுவதற்கென்றே பிறந்தவன் போல அழகாக விழுவான். அவன் மனைவி ஜானகி கும்பகோணத்திலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

வேங்கடேசனும் கோபாலனும் ஒரே வீட்டின் இரண்டு பாகங்களில் குடியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. ஜானகி வந்த வாரமே அந்தக் கதவைத் திறந்து, “அண்ணா, நீங்க ஏன் தனியா அடுப்பு மூட்டிண்டு கஷ்டப்படறேள்? இங்கேயே சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வேளைக்கு நடுக்கதவு வழியாக வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார் வேங்கடேசன். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் மெஸ்ஸிலிருந்து நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன்.

மூன்றாவது ஆள் நான். அலிப்பூரில் ஒரு ஆபீஸில் கோப்புகளை அடுக்கும் வேலை. நாடகத்திலும் அதே வேலைதான். படுதா, நேரம், சத்தம் மூன்றும் என் பொறுப்பு.

கூடாரத்தில் கற்றது

பலகைச் சத்தத்தை நான் கற்றது மைதானத்துப் பயாஸ்கோப் கூடாரத்தில். படம் ஊமை. ஆனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பான். குதிரை ஓடினால் கொட்டாங்கச்சி, கண்ணாடி உடைந்தால் தகரத்தில் கூழாங்கல், யாராவது அறை வாங்கினால் பலகை. தடியன் ஒருவன் ஏணியிலிருந்து விழுவான். அவன் மேல் சுண்ணாம்பு வாளி விழும். வாளியைப் பார்க்க வந்த போலீஸ்காரன் முதுகில் ஏணி விழும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் சரியாகச் சத்தம் கொடுப்பான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

நான் நாலு தடவை அவனுக்கு அருகில் உட்கார்ந்து அவன் கையைக் கவனித்தேன். பலகையின் நீளம், வாரின் இறுக்கம், மணிக்கட்டை வெட்டும் விதம், எல்லாம் குறித்துக்கொண்டேன். அவன் கண்ணை மட்டும் கவனிக்கவில்லை. படம் ஓடும் வரை அவன் திரையை விட்டுக் கண்ணை எடுத்ததே இல்லை என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கூடாரத்து வாசலில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மழை விட்டிருந்த ஒரு மாலை. சிரித்த முகத்தோடு எல்லாரும் வெளியே வருகிறோம். எதிரே ஒருவர் தலையில் கூடை நிறைய மண் குவளைகளோடு வந்தவர், ஈரப் புல்லில் வழுக்கிக் கால் இரண்டும் மேலே போக விழுந்தார். படத்துத் தடியன் விழுந்த அதே விழுகை. கூட்டம் குபீரென்று சிரித்தது. நானும்தான்.

படத்துத் தடியன் எழுந்து ஓடுவான். இவர் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொரு குவளையாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உடையாததை மடியில் வைத்துக்கொண்டார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒவ்வொரு வாயாக நின்றது. பின்னால் நின்றவர்கள் மட்டும், ஒன்றும் தெரியாமல், இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு

என் நோட்டில் முந்தின வருஷத்துப் பக்கம் இப்படி இருக்கிறது: ‘முதல் அடி, நல்ல சிரிப்பு. இரண்டாவது, அதைவிட நல்லது. மூன்றாவது, மிக நல்லது.’ மூன்று அடிக்கே இப்படி என்றால் ஏழு அடிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஏழு என்று தீர்மானித்தேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்தேன். முந்தின வருஷம் விசிறி முன்னாலும் சத்தம் பின்னாலுமாகப் போய்விட்டது. அதனால் இந்த முறை சத்தம்தான் தலைவர். பலகை கேட்டால் வேங்கடேசன் வீச வேண்டும். சத்தம் நின்றால் விசிறியும் நிற்க வேண்டும். மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். பிசகே இல்லை. ஆனால் ஒத்திகையில் கோபாலன் தலையில் முண்டாசு கட்டவில்லை. அது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

நாடகத்தன்று நான்காவது வீச்சில் விசிறியின் ஓரம் முண்டாசில் மாட்டியது. முண்டாசு அவிழ்ந்தது. அதோடு குடுமியும் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. கோபாலன் அதை முடிவதற்காக இரண்டு கைகளையும் தூக்கினான்.

இதெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம், அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு. ஆஹா என்று ஐந்தாவது அடியைப் போட்டேன். ஆறு. ஏழு. அவன் கையைத் தூக்கியபடி நிற்க, வேங்கடேசன் மூன்று முறையும் வீசினார். சத்தம் வந்தால் வீச வேண்டும் என்று ஏற்பாடு. அவர் இருபது வருஷ சர்க்கார் உத்தியோகஸ்தர்.

நடுக்கதவு

மறுநாள் காலை வேங்கடேசன் நடுக்கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது.

அவர் பட்டினி கிடந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேளை தவறாமல் சாப்பாடு வந்தது. நெய் குறையவில்லை, அப்பளம் உடையவில்லை. ஆனால் தெரு வழியாக வந்தது. எடுத்து வந்தவன் கோபாலன். ஒரு வேளை விடாமல், தட்டை வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு, அடி வாங்கினவன் தெருவைச் சுற்றி வந்து அடித்தவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போனான்.

“என்னடா கோபாலா இது?” என்று கேட்டேன்.

“கேக்காதே. ‘அவர் சாப்பாடு என் பொறுப்பு, அதை விடமாட்டேன். கதவைத் திறக்கறது என் இஷ்டம்’னுட்டா.”

“நீ சொல்லக் கூடாதா?”

“சொன்னேன். அதுக்கப்பறம்தான் ரசமும் தனிச் செம்புல வருது. முன்னாடி ஒரே தடவையா எடுத்துண்டு வந்தேன், இப்போ ரெண்டு நடை.”

வேங்கடேசன் செம்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ரசத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறிப்போச்சு ஓய்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சத்தம் வந்துண்டே இருந்தது. நான் என்ன பண்ணுவேன்?” என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, அந்தக் கதவுக்காகச் சொன்னாரா தெரியாது.

கோபாலனுக்கு வருத்தமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாடகம்தானே என்று அவனே சொன்னான். ஒரு நாள் டிராமில் அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். மாஷிமாவின் உறவுக்காரன் ஒருவன் ஏறினான். கோபாலனைக் கண்டதும் சிநேகமாகச் சிரித்து, அவன் தலைக்குப் பின்னால் ‘பட் பட்’ என்று கையைத் தட்டினான். கோபாலனும் சிரித்தான். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அவன் கை ஒரு முறை குடுமிக்குப் போய்த் திரும்பியது.

குவளைக்காரர் மடியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

நோட்டும் விரலும்

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு கோபாலன் வீட்டுக்குப் போனேன். ஜானகி உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஜானகி, அந்த ஏழு என்னோடது. வேங்கடேசண்ணா மேல தப்பே இல்லை. சத்தம் கேட்டா அவர் வீசணும்னு ஏற்பாடு.”

“யார் பண்ணின ஏற்பாடு?”

“நான்தான். எழுதியே வச்சிருக்கேன்.”

“குடுங்கோ பாப்போம்.”

கொடுத்தேன். என் எழுத்து அச்சுப் போல இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவள் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். ‘நான்காவது: இதுவரை இல்லாத சிரிப்பு’ என்ற வரியில் விரலை வைத்தாள்.

“இங்கதான் இவர் குடுமி அவுந்தது. கையைத் தூக்கினார். அது இதுல இல்லையே?”

“நான் படுதாவுக்குப் பின்னால இருந்தேன். எனக்குத் தெரியலை.”

“தெரியாமலேயா அடிச்சேள்?”

உள்ளேயிருந்து கோபாலன் குரல் கொடுத்தான். “ஏண்டி, அது விசிறிடி. பொய் அடி. வலிக்கவே இல்லை.”

“அடி பொய்னு எனக்கும் தெரியும்,” என்றாள் ஜானகி, அவன் பக்கம் திரும்பாமல். “சிரிப்பு நெஜம்தானே?”

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். “மூணாவது வரைக்கும் நானும்தான் சிரிச்சேன். மாடியில மாஷிமா என் கையைக் கிள்ளிக் கிள்ளி, ‘ஒய் தேக்கோ, ஒய் தேக்கோ’ன்னு காட்டறா. எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து, அவ்வளவு சிரிப்பு. அது யாரோ ஒரு மண்டுச் சமையல்காரன். குடுமி அவுந்ததும் அது இவர். அன்னிக்குக் காத்தால நான் எண்ணெ தடவி முடிஞ்ச தலை. அவா எல்லாருக்கும் அப்பவும் சமையல்காரன்தான். அதனால சிரிச்சா. மேலயிருந்து ‘போதும்’னு கத்தலாமான்னு பாத்தேன். யாருக்கு என்ன பாஷையில கத்தறது?”

வங்காளத்தில் தை, மாசியில் வரும் சரஸ்வதி பூஜைக்கு மாஷிமா அதே நாடகத்தை மறுபடி போடச் சொல்லியிருந்தாள். அதை எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

“போடுங்கோ. நான் ஏன் வேண்டாங்கறேன்? இவருக்கு விழறதுன்னா உசிர். ஒண்ணே ஒண்ணு. இவர் குடுமியைத் தொட்டா நிறுத்தணும். நீங்க, அண்ணா, ரெண்டு பேரும்.”

“சரி. கதவு?”

“முதல்ல ஆடுங்கோ. பாக்கறேன்.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கேயே எழுதிக்கொண்டேன்: ‘குடுமியைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.’ முக்காலியைப் படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, மேடையின் இடது ஓரத்தில், எல்லாம் கண்ணில் படும் இடத்தில் போடுவதென்றும் தீர்மானித்தேன்.

வேங்கடேசன்தான் சம்மதிக்கவில்லை. “நான் வீசமாட்டேன். வேற ஆளைப் பாருங்கோ.”

“அண்ணா, சூடா ரசம் வேணுமா வேண்டாமா?” என்றான் கோபாலன். “எனக்குக் காலெல்லாம் வலிக்கறது. அடி வாங்கினதுல கூட இவ்வளவு வலிக்கலை.”

சரஸ்வதி பூஜை

அன்று முற்றம் முழுவதும் மஞ்சள் புடவையும் சாமந்திப்பூ வாசனையும். இளவெயில். மாடித் தாழ்வாரத்தில் ‘சிக்கு’ என்கிற மூங்கில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால்தான் பெண்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கீழேயிருந்து தெரியாது.

ரஸகுல்லாச் சட்டி காலியாயிற்று. எஜமான் வந்தார். விசிறி உயர்ந்தது.

பட். சிரிப்பு. பட். சிரிப்பு. பட்.

அப்போது கோபாலன் கை தலைக்குப் போயிற்று. முண்டாசு அவிழவில்லை. இந்த முறை ஜானகியே இறுக்கிக் கட்டியிருந்தாள். பழைய ஞாபகத்தில் தானாகப் போன கை அது. நான் பலகையை நிறுத்தினேன். வேங்கடேசன் விசிறியை நிறுத்தினார், பாதி வீச்சில், ஆகாயத்தில்.

முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. நாடகம் குட்டிச்சுவராயிற்று என்று நினைத்தேன்.

நான்காவது அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற கோபாலன் ஒரு கண்ணைத் திறந்தான். அந்தரத்தில் நின்ற விசிறியைப் பார்த்தான். மெல்லக் கையைத் தலையிலிருந்து எடுத்தான். கையை எடுத்தால் என்ன செய்வது என்று நான் எழுதி வைக்கவில்லை. தடை நீங்கியது என்று எடுத்துக்கொண்டு பலகையை விரித்தேன். விசிறி அசைந்தது. கோபாலன் சட்டென்று குடுமியைத் தொட்டான். நாங்கள் நின்றோம்.

முன்வரிசையில் யாரோ ‘க்ளுக்’கென்றார்.

எடுத்தான். அசைந்தோம். தொட்டான். நின்றோம். எடுப்பது போலப் பாசாங்கு செய்து எடுக்காமல் விட்டான். வேங்கடேசன் தடுமாறினார். முற்றம் வெடித்தது.

அதன் பிறகு கோபாலனை யாரும் பிடிக்க முடியவில்லை. இடது கையால் குடுமியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சட்டியைத் திறந்து, எஜமான் எதிரிலேயே ஒரு ரஸகுல்லாவை எடுத்து, பிழிந்து, நிதானமாகத் தின்றான். முழங்கை வரை வழிந்த பாகை நக்கினான். அடுத்ததை, பிளந்தபடி இருந்த வேங்கடேசன் வாயில் போட்டு, தாடையைத் தூக்கி மூடியும் விட்டான். விசிறி கடைசி வரை ஆகாயத்திலேயே இருந்தது. நான்காவது அடி விழவே இல்லை.

அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: ‘மூன்று அடி. பிறகு குறிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.’

சிக்குக்குப் பின்னால் ஒருத்தி சிரித்தாளா என்பது மட்டும் எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. கோபாலன் வீட்டுக்குப் போய்க் கேட்டானாம். “சாப்பிட வாங்கோ” என்று மட்டும் பதில் வந்ததாம்.

மறுநாள் காலை சந்தில் நடந்துகொண்டிருந்தேன். மாஷிமா ஜன்னலிலிருந்து கூப்பிட்டுத் தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே கிள்ளின தடம் வரிசையாகச் சிவந்திருந்தது. “தேக்கோ! தொமாதேர் ஜானகி!” என்றாள், சந்தோஷமாக. உங்கள் ஜானகி செய்த வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம்.

மூன்று கரண்டி

ஞாயிற்றுக்கிழமை. வேங்கடேசன் பாகத்தில் அவரும் நானும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு வேளை. கோபாலன் தெரு வழியாக வரவில்லை. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தாழ் நகர்ந்தது. மூன்று மாதத் துரு, கிறீச்சென்றது. கதவு ஒரு சாண் திறந்தது.

“இலை போட்டாச்சு” என்று குரல் மட்டும் வந்தது.

வேங்கடேசன் பேப்பரை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். எழுந்து போனார்.

மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். ரசத்திலிருந்து ஆவி பறந்தது. அவர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஜானகி வந்து இன்னொரு கரண்டி ஊற்றினாள். மறுபடி வந்து இன்னொன்று. “போதும்மா, போதும்” என்றார். அவள் காதில் வாங்கவில்லை. மூன்றாவது கரண்டி இலைக்கு மேலே வந்துவிட்டது.

வேங்கடேசன் இடது கையைத் தூக்கித் தன் குடுமியைத் தொட்டார்.

கரண்டி ஆகாயத்தில் நின்றது. ஜானகி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கோபாலனுக்குப் புரையேறியது.

அந்தக் கரண்டி ரசம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு அந்த வருஷம்தான் கிராப்பு வெட்டியிருந்தது. தொடுவதற்குத் தலையில் ஒன்றும் இல்லை.

அன்று நான் சாப்பிட்டது வழக்கத்துக்கு மேல் மூன்று கரண்டி ரசம். நோட்டில் இருக்கிறது.